பக்கத்து வீட்டு ஏசியும் எங்கள் வீட்டு மல்லியும்

சென்ற ஆண்டு கத்திரி வெயில் தொடங்கிய நாட்களில், திண்டிவனத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டம் என்று சொல்வது சற்று மிகைதான். வீட்டின் கிழக்குச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே, ஓர் ஆள் தாராளமாக நடக்கும் அகலத்தில் நீண்டு கிடக்கும் மண்துண்டு அது. அங்கே இருந்த பூச்செடிகள் அனைத்தும் என் மனைவி வைத்தவை. அவள் அதற்கு முந்தைய கார்த்திகையில் இறந்துவிட்டாள்.

நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலம் முழுவதும் காலை ரயிலில் விழுப்புரம் போய், பொழுது சாயும் நேரத்தில் திண்டிவனம் திரும்புவேன். ஓய்வுக்குப் பிறகும் என் பகற்பொழுதுகள் மேற்குப் பக்கத்து அறையில் புத்தகங்களோடுதான் கழிந்தன. ஆகவே அந்தத் தோட்டத்தை நான் பூத்த நிலையில் மட்டுமே அறிவேன். அது எப்படிப் பூத்தது என்பது என் பார்வைக்கு வராத பிற்பகல்களில் நிகழ்ந்தது.

கோடையைத் தாங்கும் செடிகளாகப் பார்த்துத்தான் அவள் வைத்திருந்தாள். கேட்டின் மேல் காகிதப்பூ படர்ந்திருக்கும். அதையடுத்து செவ்வரளி, இட்லிப்பூ, மதிலோரம் வரிசையாக நித்தியகல்யாணி. ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் வாளிகளில் பட்டுரோஜா. வெயில் ஏறியதும் விரிந்து, சாயும்போது மூடிக்கொள்ளும் அந்தச் சின்னப் பூக்களைக் காட்டி, "இதுங்களுக்கு வெயில்தான் சோறு" என்பாள். தெருவில் கிணறுகள் வற்றி, ஆழ்குழாய்களில் காற்று மட்டும் வரத் தொடங்கும் மாதங்களிலும் எங்கள் வீட்டு முகப்பு நிறம் மாறாமல் இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் விலக்கு ஒன்று உண்டு. மதிலை ஒட்டி, தோட்டத்தின் நடுவில் நின்ற குண்டுமல்லி. மல்லிக்கு வெயிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். அப்படியிருந்தும் அது கத்திரியில்தான் அதிகமாகப் பூத்தது. வெயில் கொடுமையாகும் ஆண்டுகளில் இன்னும் கூடுதலாகப் பூத்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் வியந்து கேட்பார்கள். நான் விளக்கம் சொல்வேன். வீட்டின் நிழல் பிற்பகலில் அந்தப் பக்கம் விழுவதால் மண்ணிலிருந்து நீர் ஆவியாவது குறைகிறது என்பது என் விளக்கம். அவள் அதைக் கேட்டுக்கொண்டே காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மறுத்ததில்லை.

இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. கோடைப் பிற்பகல்களில் பக்கத்து வீட்டு ஏசி ஓடத் தொடங்கும் முனகல் கேட்டதும், எங்கிருந்தாலும் அவள், "போட்டுட்டாங்க" என்பாள். ஏக்கத்தில் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு கோடையில், நாமும் ஒன்று வாங்கிவிடலாம் என்று நானே சொன்னேன். அவள் சிரித்தாள். "நமக்கெதுக்கு, அவங்க வீட்டுல இருக்கிறதே போதும்" என்றாள். அந்தப் பதிலின் தருக்கம் எனக்குப் பிடிபடவில்லை. சிக்கனம் என்று கருதி விட்டுவிட்டேன்.

அவள் இறந்தபின் மகள் என்னை விழுப்புரத்துக்கு அழைத்துப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். தையும் மாசியும் அங்கே கழிந்தன. பங்குனியில் நான் திண்டிவனம் திரும்பியதற்குக் காரணம் இருந்தது. மகனின் திருமணம் ஆனி மாதத் தொடக்கத்தில் என்று முடிவாகியிருந்தது. பெண் பார்த்து உறுதி செய்தவள் அவன் தாய். ஓராண்டு முடிவதற்குள் நடத்திவிடுவதே முறை என்று உறவினர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். அந்த வீட்டில் அடுத்து ஒரு நல்ல காரியம் நடக்குமுன், புதுச் சேலையும் மஞ்சளும் குங்குமமும் பூவும் வைத்து அவளுக்குப் படைத்து, அவள் சம்மதம் பெற்ற பிறகே பந்தக்கால் நடுவார்கள். வைகாசிக் கடைசியில் படையல் என்று வைத்தோம். எனக்குச் சடங்குகளில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. ஆனால் இதை நடத்த வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

படையலுக்குப் பூ வேண்டும். பல கோடைகளுக்கு முன், மல்லி பறித்துக்கொண்டிருந்தபோது அவள் விளையாட்டாக ஒன்று சொல்லியிருந்தாள். "நான் போனப்புறம் எனக்குக் கடைப்பூ வாங்கி வச்சிடாதீங்க. ஐஸ் பொட்டியில கெடந்து வாசனையே போயிருக்கும்." நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் 'உம்' கொட்டினேன். எங்கள் நீண்ட இல்வாழ்க்கையில் தனக்கென்று அவள் வெளிப்படையாகக் கேட்டவை மிகச் சில. இது அவற்றுள் ஒன்று என்பது அவள் போன பிறகே எனக்கு உறைத்தது. மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. "அம்மா என்கிட்டயும் சொல்லியிருக்காங்கப்பா" என்றாள். அந்தச் செடியின் பூதான் வைக்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

திரும்பிய முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். குளிர்காலத்தில் இலை உதிர்த்து மல்லி மெலிந்திருந்தது. அதனால் அதற்குப் பின்னால் மதிலில் ஒரு துளை தெரிந்தது. துளையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஏசியின் கழிவு நீர். மதிலில் பாசி படிந்து கீழ்ப்பூச்சு உப்பியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். அவர் மனைவி அப்போது ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காக மயிலம் போயிருந்தார். கடைக்காரர் வண்டியை வெளியே எடுக்கும் நேரம் பார்த்து, மதிலில் ஈரம் இறங்குகிறது, குழாயை உங்கள் பக்கமே விட முடிந்தால் நல்லது என்று கேட்டுக்கொண்டேன்.

"அய்யோ, நான் கவனிக்கவேயில்ல சார். இன்னிக்கே திருப்பிடறேன்" என்றார்.

சொன்னபடியே அன்று மாலையே திருப்பிவிட்டார். தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரை அழைத்து, துளையைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் செய்தேன். அவள் இருந்திருந்தால் பார்த்திருக்கக்கூடிய ஒரு வேலையை நான் செய்து முடித்ததாக எனக்கு ஒரு சிறு நிறைவு இருந்தது.

சித்திரை பிறந்ததும் ஆழ்குழாயில் நீர் இறங்கத் தொடங்கியது. எங்கள் தெருவில் நீர் இறங்கினால் உப்பு ஏறும். நகராட்சித் தண்ணீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமே போதுமாக இருந்தது. காகிதப்பூவும் அரளியும் நித்தியகல்யாணியும் வழக்கம்போல் எதையும் பொருட்படுத்தவில்லை. பட்டுரோஜா முன்னைவிட அதிகமாகவே பூத்தது. மல்லிக்கு நான் ஒவ்வொரு நாளும் வெயில் ஏறுமுன் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடத்தில் எடுத்துப்போய் ஊற்றினேன். தண்டின்மேல் படாமல், வேரைச் சுற்றி வட்டமாக, மண் உள்வாங்க இடைவெளிவிட்டு ஊற்றினேன். அது முறையான பாசனம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனாலும் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. பின்பு நுனிகள். மண்ணின் மேல் வெண்மையாக ஒரு படலம் கட்டியது. ஊற்ற ஊற்றச் செடி காய்ந்தது.

ஞாயிறுதோறும் மகள் அழைப்பாள். நலம் விசாரித்த பின், கடைசியில் கேட்பாள்.

"மொட்டு வருதாப்பா?"

"வரும்" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் நேரே கிழக்குப் பக்கம் போனாள். செடியின் முன் நின்றாள். ஒரு கிளையைத் தொட்டதும் இலைகள் உதிர்ந்தன. கையை எடுத்துக்கொண்டாள்.

"விடுங்கப்பா. தம்பி மெட்ராஸ்லேர்ந்து வர்றப்ப நல்ல பூவா வாங்கிட்டு வந்துடுவான். காலையில பறிச்ச பூவே கெடைக்கும்" என்றாள்.

"ஆகட்டும்" என்றேன். அவள் சாப்பிட்டுவிட்டுச் சற்று நேரம் தாயின் அலமாரியைத் திறந்து சேலைகளை மடித்து வைத்தாள். ஏற்கெனவே மடித்திருந்த சேலைகள் அவை. பிறகு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் நான் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி, இரும்பை என்ற கிராமத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் ஒரு நாற்றங்காலுக்குப் போனேன். நிழல்வலையின் கீழ் பைகளில் மல்லிச் செடிகள் வரிசையாக, மொட்டும் பூவுமாக நின்றன. அவற்றில் ஒன்றை வாங்கிப்போய் மதிலோரம் வைத்துவிட்டால், படையலன்று எங்கள் வீட்டு மல்லி என்று சொல்லிப் பறித்துவிடலாம். அது பொய்யும் ஆகாது. இந்த எண்ணம் பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு இருந்தது. நாற்றங்கால்காரர் வந்தார்.

"வூட்டுக்கா சார், இல்ல எதுனா விசேஷத்துக்கா?"

எளிய கேள்விதான். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே இருக்கும் செடி காய்வதைப் பற்றிச் சொன்னேன்.

"தண்ணி எப்படி சார், உப்பா?"

"இப்போது உப்புதான்."

"உப்புன்னா மல்லி பேஜாரு பண்ணும் சார். நல்ல தண்ணி போட்டு அலசணும். மழத்தண்ணி மாதிரி இருக்கணும். மழ வர்ற வரிக்கும் தாங்குதான்னு பாருங்க."

கத்திரிக்கு முன் மழைக்கு எங்கே போவது. செடி எதையும் வாங்காமல் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கைகள் காலியாக இருந்தது ஓரளவு ஆறுதலாகவும் இருந்தது.

கத்திரி பிறந்தது. நான் மல்லியின் அடியில் குந்தி உட்கார்ந்து, அந்த வெண்படலத்தைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. கடைக்காரரின் மனைவி மயிலத்திலிருந்து திரும்பிவிட்டிருந்தார். மதில் என்னை மறைத்திருந்தது.

"யோவ், இங்க வா. இந்தப் பைப்ப யாரு சாக்கடப் பக்கம் திருப்புனது?"

"நான்தான். சாரு சொன்னாரு, செவுத்துல ஈரம் எறங்குதுன்னு."

"சொன்னா ஒடனே திருப்பிடுவியா? ஒரு போன் போட்டு என்னக் கேட்டியா?"

"வீணாப் போற தண்ணி. எந்தப் பக்கம் போனா உனுக்கு இன்னா?"

"வீணாப் போற தண்ணியா? வெயில் வந்தா தெனம் தலயில பூவு வச்சிக்கினு திரியறனே, அது எங்கேர்ந்து வந்துதுன்னு நெனச்ச?"

கடைக்காரரின் குரல் தாழ்ந்து வந்தது.

"நீ வாங்கறன்னு நெனச்சேன்."

"வாங்கறேனாம். கட்னதுலேர்ந்து ஒரு மொழம் வாங்கியாந்து குடுத்திருப்பியா நீ? எல்லாம் அக்கா குடுத்தது. அந்தச் செடியில பூத்தது. அந்தச் செடி குடிச்சது இந்தத் தண்ணி. அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நீ. ரெண்டு பேருக்கும் பூவு தெரியுது, தண்ணி தெரியல."

எழுந்து நிற்பதா, உட்கார்ந்தபடியே இருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்தால் ஒட்டுக்கேட்டதாகும். உட்கார்ந்திருந்தால் தொடர்ந்து ஒட்டுக்கேட்பதாகும். நான் முடிவெடுக்குமுன் கடைக்காரரின் மனைவியே எதன் மீதோ ஏறி மதிலுக்கு மேல் எட்டிப்பார்த்துவிட்டார். கரண்டியோடு மண்ணில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சார், நீங்க இங்கதான் இருக்கீங்களா. நான் அவர ஏசிக்கினு இருந்தேன். உங்கள இல்ல."

பிறகுதான் அவர் பார்வை செடியின் மேல் விழுந்தது. செடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அக்கா உங்ககிட்ட சொல்லலியா சார்?"

"இல்லை."

"சொல்லியிருக்க மாட்டாங்க. அடுத்தவங்க வூட்டுலேர்ந்து எதுவும் வாங்கக்கூடாதுன்னுடுவீங்களாம். எங்க சாருக்குத் தெரிஞ்சா குழாய அறுத்துடுவாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஏசி வாங்கிய முதல் கோடையில் அதன் நீர் அவர்கள் பக்கத்துச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. மதிலுக்கு மேலாக என் மனைவி அதைப் பார்த்திருக்கிறாள். அந்த நீரை எனக்குக் கொடு, பூவில் பாதி உனக்குத் தருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். இருவருமாகச் சேர்ந்து மதிலில் துளையிட்டிருக்கிறார்கள், நான் கல்லூரியிலும் அவர் கணவர் கடையிலும் இருந்த ஒரு பகலில். அதன்பின் ஒவ்வொரு கோடையும், ஏசி ஓடும் வரை தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. மாலைதோறும் ஒரு தட்டில் மொட்டு அந்தப் பக்கம் போனது.

நான் வெப்ப இயல் கற்பித்தவன். ஈரக்காற்று குளிர்ந்த பரப்பில் பட்டால் நீர் துளிர்க்கும் என்பதைப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். எங்கள் ஊர் கடலுக்குச் சமீபம். காற்றில் ஈரம் அதிகம். வெயில் ஏற ஏற ஏசி அதிக நேரம் ஓடும், அதிகமாகச் சொட்டும். சொட்டுவது உப்பில்லாத நீர், கிட்டத்தட்டக் காய்ச்சி வடித்தது. வெயில் கொடுமையாகும் ஆண்டுகளில் எங்கள் மல்லி கூடுதலாகப் பூத்ததற்கு விளக்கம் இவ்வளவுதான். "போட்டுட்டாங்க" என்று அவள் சொன்னது ஏக்கம் அல்ல. தன் செடிக்குத் தண்ணீர் வந்துவிட்ட நிம்மதி. என் நிழல் விளக்கத்தைக் கேட்டு அவள் ஏன் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. சமையலறையில் போய்ச் சிரித்திருப்பாள்.

"துளையை அடைத்துவிட்டேன்" என்றேன்.

"அதுக்கு இன்னா சார், ஒடச்சிட்டாப் போச்சி" என்றவர், திரும்பி, "யோவ், உளிய எடுத்தா. ஜல்தி" என்றார்.

கொத்தனார் அன்று தம் வேலையில் குறை வைத்திருக்கவில்லை. கடைக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து உளியால் அடிக்க, நான் இந்தப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுச் சுத்தியலால் அடித்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. இடையிடையே அவர் கேட்பார், "வந்திச்சா சார்?" நான், "இன்னும் இல்லை" என்பேன். கடைசியில் அவருடைய உளியின் நுனி என் பக்கம் எட்டிப்பார்த்தது. துளை வழியே அவர் கண் தெரிந்தது.

"இத்தன வருஷத்துல உங்கள இவ்ளோ பக்கத்துல பாத்ததில்ல சார்" என்றார்.

அவள் இறந்தபின் நான் முதல்முறையாகச் சிரித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

குழாய் மீண்டும் இந்தப் பக்கம் வந்தது. அந்த அம்மையார் கேட்டு வழியாக வந்து, கருகிய நுனிகளை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். நான் மீதி வெண்படலத்தைச் சுரண்டி எடுத்தேன். பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. படையலுக்குச் சில வாரங்களே இருந்தன. தண்டு பச்சையாக இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தேன். கீறிய இடத்தில் ஒரு மெல்லிய பச்சைக்கோடு தெரிந்தது. அதை நம்பலாமா என்று தெரியவில்லை. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஒருமுறை அவள் கையை எடுத்துக்கொள்ளும்படி நேரக்கூடாது.

அந்த வாரங்களில் மதிலுக்கு அப்பால் நாள்தோறும் ஓர் உரையாடல் நடந்தது. மதியம் சாப்பிட வரும் கடைக்காரர் உடனே கடைக்குக் கிளம்பப் பார்ப்பார்.

"எங்க கெளம்பற? போய்ப் படு."

"தூக்கம் வரலடி. கடையில ஆளு காத்துக்கினு இருக்கு."

"தூங்காட்டிப் போ. ஏசியப் போட்டுட்டுச் சும்மா படுத்துக்கினு இரு. செடி காயுது."

"குளுருதுடி."

"போத்திக்கோ."

பிறகு இயந்திரம் முனகத் தொடங்கும். சற்றைக்கெல்லாம் குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழும். நான் நாற்காலியைக் கிழக்குப் பக்கம் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி இருப்பேன். எங்கள் வீட்டுப் பிற்பகல்களை நான் உட்கார்ந்து பார்த்தது அதுவே முதல்முறை. வீட்டு நிழல் எட்டாத கேட்டுப் பக்கம், வெயிலில் பட்டுரோஜாக்கள் முழுவதும் விரிந்திருக்கும். நித்தியகல்யாணியில் ஒரு தேன்சிட்டு வந்து போகும். காகிதப்பூச் சருகுகள் தரையில் உரசி நகரும். அவள் இந்த நேரத்தில் இங்கேதான் இருந்திருக்கிறாள் என்று தோன்றும்.

வைகாசியின் நடுவில், வெட்டிய கணுக்களுக்குக் கீழே நெல் முனை அளவில் பச்சை தெரிந்தது. இரண்டொரு நாளில் அது துளிர்தான் என்று உறுதியானது. துளிர்களின் நுனியில் மொட்டுக் கொத்துகள் கட்டியபோது மகளை நானே அழைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை அல்ல. அதனால் பதறிப்போய் எடுத்தாள்.

"என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"மொட்டு வந்திருக்கிறது" என்றேன்.

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பறிச்சிடாதீங்கப்பா, நான் வர்றேன்" என்றாள், ஏதோ நான் அன்றே பறித்துவிடப் போவதுபோல.

படையலன்று மாலை மகளும் மகனும் உறவினர் சிலரும் வந்திருந்தார்கள். மகள் மொட்டுகளைப் பறித்துத் தட்டில் போட்டாள். முந்தைய கோடைகளோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். ஒரு சிறு சரம் தொடுக்கத் தேறும். நான் தட்டை வாங்கி, சமமாக இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேறொரு தட்டில் இட்டேன்.

"என்னப்பா பண்றீங்க? இருக்கிறதே இவ்வளவுதான். எல்லாம் அம்மாவுக்கு" என்றாள் மகள்.

"இது அம்மா செய்துகொண்ட ஏற்பாடு" என்று சொல்லிவிட்டு மதிலருகே போய்க் கூப்பிட்டேன். கடைக்காரரின் மனைவி எட்டிப்பார்த்தார். தட்டைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"இன்னிக்கி எல்லாத்தையும் அக்காவுக்கே வச்சிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றார்.

"பேச்சு பேச்சுதான். தண்ணீர் வந்திருக்கிறது. பூ போக வேண்டும்" என்றேன்.

ஒரு கணம் தயங்கி, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

விளக்கேற்றும் நேரத்தில் மொட்டுகள் விரியத் தொடங்கியிருந்தன. புதுச் சேலையின் மேல், மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் நடுவே, மகள் அந்தச் சிறு சரத்தை வைத்தாள். கடைப்பூ ஒன்றுகூட இல்லை. கூடத்தில் மல்லி மணம் பரவியது. பூவாடைக்காரி என்ற பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. கடைக்காரரும் மனைவியும் வந்து நின்றார்கள். அந்த அம்மையாரின் தலையில் மறுபாதி இருந்தது. என் மனைவியின் கோடைகள் எல்லாவற்றிலும் இருந்ததுபோலவே, அவள் செடியின் பூ அன்றும் மதிலின் இரு பக்கமும் இருந்தது.

மகன் கற்பூரம் ஏற்றினான். வணங்கி முடித்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, கடைக்காரரின் மனைவி என் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்ணே, வூட்டுல ஆளில்லன்னாலும் ஏசியப் போட்டு வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

அதுவரை அவர் என்னைச் சார் என்றுதான் அழைத்திருந்தார்.

திருமணம் நல்லபடி நடந்தது. என்னை விழுப்புரத்துக்கே வந்துவிடும்படி மகள் இப்போது வற்புறுத்துவதில்லை. இந்தக் கோடையில் மல்லி பழைய செழிப்பில் பூக்கிறது. பார்த்து வியப்பவர்களிடம் நான் நிழலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பிற்பகலில் அடுத்த வீட்டு இயந்திரம் முனகத் தொடங்கியதும், யாரும் இல்லாத கூடத்தைப் பார்த்து, "போட்டுட்டாங்க" என்று என்னையறியாமல் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பூத்தவை எல்லாம் எங்கள் தண்ணீரில் மட்டும் பூத்தவை அல்ல என்று அந்த நேரத்தில் நினைவு வருகிறது. எதையும் யாரிடமும் பெறாமல் வாழ்ந்ததாக நம்பியிருந்த எனக்கு, அந்த நினைவு இன்று மனபாரத்தைக் குறைப்பதாகவே இருக்கிறது.